நடை பயிலாத குழந்தைகளும் படியிறங்காத பல்கலைக்கழகமும்

கொழும்பு ஒன்பது என்று தபாற்கந்தோர் இலக்கமிட்டு வைத்திருக்கும் தெமட்டகொடை, நாட்டின் வைத்திய அறிவுக்குத் தொலைவிலுள்ள பிரதேசமன்று. இங்கிருந்து தெற்கு நோக்கிச் சிறிது நேரம் நடந்தால் சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை வந்துவிடும். இன்னுஞ் சற்று நடந்தால் கின்சி வீதியிலே கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம். 1870ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வைத்தியக் கல்லூரியின் வழிவந்த பீடம் அது. அதற்கு அயலிலே தேசிய வைத்தியசாலை. நாட்டின் தலைசிறந்த வைத்திய நிலையங்கள் பல இவ்வாறு எமது பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் தூரத்துக்குள்ளேயே இருக்கின்றன.

ஆயினும், தெமட்டகொடையின் புகையிரதப் பாதைகளுக்கும் கால்வாய்க்கும் இடையே நெருக்குண்டு கிடக்கும் தோட்டங்களிலே, நான்கு வயதாகியும் நிமிர்ந்து உட்காரப் பழகாத பிள்ளைகள் பாயிலே கிடக்கின்றன. தோட்டம் என்பது பெயரளவிலேதான், மரமுமில்லை, மலருமில்லை. தோட்டத்தை இடித்துவிட்டு அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொடர்மாடிகளிலோ, மின்தூக்கி பழுதான நாளில் அத்தகைய பிள்ளை வீட்டுக்குள்ளேயே சிறைப்படுகிறது. கூப்பிடு தூரத்தில் இத்தனை அறிவு இருந்தும் அது ஏன் இந்தப் பிள்ளைகளை எட்டவில்லை? அந்தத் தூரம் மைற்கணக்கில் அளக்கப்படுவதன்று. அது வர்க்கத்தின் தூரம், மொழியின் தூரம், யாருக்காகக் கற்பிக்கிறோம் என்பதை மறந்துவிட்ட ஒரு கல்விமுறையின் தூரம்.

குழந்தைகளுக்கான இயன்மருத்துவத்தை, 'பிசியோதெரபி' என்று மக்கள் வழங்கும் அந்தத் துறையை, நமது பல்கலைக்கழகங்கள் எவ்வாறு கற்பிக்கின்றன, எவ்வாறு கற்பிக்கவேண்டும் என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா. இது வைத்தியர்களின் வீட்டு விவகாரம் என்று ஆசிரியர்களும் மாணவர்களும் ஒதுங்கிக்கொள்ள இயலாது. பள்ளியின் வாயிலை எட்டாமலே பின்தங்கிவிடும் பிள்ளை எமது பிள்ளை. அதன் பெயர் எமது இடாப்பில் இல்லை என்பதொன்றே எம்மை விடுவித்துவிடாது.

காப்பாற்றப்பட்ட உயிர்

இலங்கை தன் குழந்தைகளைக் காப்பாற்றிய கதை பெருமைக்குரியது. 1926ஆம் ஆண்டு களுத்துறையிலே முதலாவது சுகாதார அலகு தொடங்கியது. அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி மருத்துவிச்சி. அவள் தாயை வைத்தியசாலைக்கு வரச்சொல்லிக் காத்திருக்கவில்லை. குடையும் பையுமாகத் தாயின் வீட்டுக்கே சென்றாள். தாயின் மொழியிலே பேசினாள். 1940களின் நடுப்பகுதியில், பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் நூற்றுக்கு மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் மாண்டன. இன்று அத்தொகை பத்துக்கும் கீழே இறங்கியிருக்கிறது. மலேரியாக் கட்டுப்பாடும் இலவச வைத்தியமும் பெண்கல்வியும் இதிற் பங்குகொண்டன என்பது உண்மையே. ஆயினும் வீட்டுப்படியேறிய அந்த மருத்துவிச்சியின்றி இந்த வெற்றி இல்லை.

1962இல் இளம்பிள்ளைவாதம் நாடெங்கும் கொள்ளைநோயாகப் பரவியது. அந்த ஆண்டே சொட்டுமருந்தும் வந்தது. 1993க்குப் பின்னர் அந்நோய்க்கு இந்நாட்டில் ஒரு பிள்ளையும் ஆளாகவில்லை. இதுவும் மக்களுடைய சுகாதார இயக்கத்தின் வெற்றியே.

ஆனால் உயிரைக் காப்பாற்றுவதோடு அரசின் கடமை முடிந்துவிடுகிறதா? முன்பெல்லாம் பிறந்த அன்றே இறந்துபோயிருக்கக்கூடிய குறைமாதக் குழந்தை இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பிழைப்பிக்கப்படுகிறது. பிறப்பின்போது மூச்சுத் திணறிய குழந்தை, கடும் மஞ்சட் காமாலை கண்ட குழந்தை, மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தை யாவும் பிழைக்கின்றன. அவற்றுட் சில, மூளையின் இயக்கப் பகுதியிலே சேதத்தோடு வீடு திரும்புகின்றன. பெருமூளை வாதம் என்று வைத்தியர் கூறுவது இதனையே. மூளையிலேற்பட்ட அந்தச் சேதம் நாளுக்குநாள் பெருகுவதன்று. பெருகுவது வேறொன்று. இறுகிய தசை இறுகியவாறே இருக்க, எலும்பு வளர்கிறது. மூட்டு மடங்கியவாறே உறைகிறது. இடுப்பு மூட்டு மெல்ல மெல்லத் தன் குழியை விட்டு விலகுகிறது. சேதம் இயற்கை தந்ததாயிருக்கலாம். அதற்குப் பின் விளையும் முடக்கத்திற் பெரும்பங்கு சமுதாயம் தருவது.

ஆறு மாதம் நிறையுமுன்னரே, குழந்தை கைகால்களை அசைக்கும் விதத்தைக் கொண்டும் எளிய நரம்புப் பரிசோதனைகளைக் கொண்டும் பெரும்பாலான குழந்தைகளிடத்து இந்நிலையை இனங்காணலாம் என்று இன்றைய ஆராய்ச்சி நிறுவியிருக்கிறது. மூளை தன்னைத் தானே திருத்தியமைத்துக்கொள்ளும் ஆற்றல் மிகுந்திருப்பதும் அந்த முதலாண்டுகளிலேதான். அப்படியிருக்க, நடக்காத பிள்ளையைத் தாய் கிளினிக்குக்குத் தூக்கிச்செல்லும்போது அதற்கு இரண்டு வயதோ மூன்று வயதோ ஆகிவிடுகிறது. 'சில பிள்ளைகள் தாமதித்துத்தான் நடக்கும்' என்ற ஆறுதல் மொழியிலே பொன்னான காலம் கரைந்துபோகிறது.

2012ஆம் ஆண்டின் குடிசனக் கணக்கெடுப்பு இந்நாட்டில் இயலாமையுடையோர் 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர் என்றது, நூற்றுக்கு 8.7 பேர். இந்தத் தொகையின் அடியிலே ஒரு சிறு நிபந்தனை உண்டு: ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களே எண்ணப்பட்டார்கள். சிகிச்சை பெரும்பயன் தரக்கூடிய வயதிலே அந்தப் பிள்ளை கணக்கிலேயே இல்லை! எண்ணப்படாத பிள்ளைக்கு யார் இயன்மருத்துவரைப் பயிற்றுவர்?

'புனர்' என்னும் சொல்

சொல்லை ஆராய்வது தமிழ் படித்தவர்களின் தொழில். ஆகவே ஒரு சொல்லைச் சற்று ஆராய்வோம். நமது நாட்டு அரசாங்க வழக்கிலே இத்துறைக்கு வழங்கும் பெயர் 'புனர்வாழ்வு'. புனர் என்றால் மீண்டும். இழந்ததை மீளப் பெறுதல் என்பது பொருள். போரிலே காலிழந்தவனுக்கும் பாரிசவாதத்தால் கைவிழுந்த முதியவருக்கும் இச்சொல் பொருந்தும். அவர்கள் ஒருகாலத்தில் நடந்தவர்கள். நடையின் நினைவு உடலிலே இருக்கிறது. அதனைத் தட்டியெழுப்புவதே சிகிச்சை. ஆனால் ஒருநாளும் நடந்தறியாத குழந்தைக்கு எதை மீட்டுக்கொடுப்பது? அதற்கு வேண்டியது புனர்வாழ்வு அன்று, வாழ்வு.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. 2006ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றியதும் 2016இல் இலங்கை ஏற்று உறுதிசெய்ததுமான இயலாமையுடையோர் உரிமைச் சமவாயம், தனது 26ஆம் உறுப்புரையிலே ஆற்றலை ஆக்குதலையும் ஆற்றலை மீட்டலையும் இருவேறாகவே பெயரிடுகிறது. நம் நாட்டிலோ புனர்வாழ்வு என்றதும் நினைவுக்கு வருவது தடுத்துவைக்கப்பட்ட போராளிகளின் முகாமும் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களின் முகாமுமே. அந்தச் சொல்லின் நிழலிலே குழந்தை காணாமற் போய்விட்டது.

சொல்லிலே காணாமற் போன குழந்தை பாடத்திட்டத்திலும் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. குழந்தையின் உடல் பெரியவர் உடலின் சிறிய பிரதியன்று. அதன் எலும்பு வேறு, மூச்சு வேறு, அது கற்கும் விதம் வேறு. பெரியவரிடம் 'காலை உயர்த்துங்கள், பத்துமுறை செய்யுங்கள்' என்று சொல்லலாம். ஒன்றரை வயதுக் குழந்தையிடம் அப்படிச் சொல்ல முடியுமா? அதற்குப் பந்து வேண்டும், கிலுகிலுப்பை வேண்டும், தாயின் முகம் வேண்டும். விளையாட்டே அதன் மருந்து. விளையாடத் தெரியாத சிகிச்சையாளர் எத்தனை பட்டம் பெற்றாலும் குழந்தைக்கு உதவார்.

359 மணி நேரம்

இலங்கையில் இயன்மருத்துவம் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக மலர்ந்தது இந்த நூற்றாண்டிலேதான். அதற்கு முன்னர் பல பத்தாண்டுகளாகத் தேசிய வைத்தியசாலையோடிணைந்த பயிற்சிப் பாடசாலையின் டிப்ளோமாக்காரரே நாடெங்கும் இப்பணியைத் தாங்கினர். இன்று கொழும்பு, பேராதனை ஆகிய பல்கலைக்கழகங்கள் பட்டம் வழங்குகின்றன. இது முன்னேற்றம், இதனை நாம் வரவேற்கிறோம். மிகக் குறைந்த ஆளணியோடு நாளொன்றுக்குத் தாங்கமுடியாத எண்ணிக்கையான நோயாளரைப் பார்க்கும் சிகிச்சையாளர்மீது எமக்கு ஒரு கண்டனமுமில்லை. எமது கண்டனம் அவர்களை வடிவமைக்கும் முறையின்மேல்.

எலும்பு, நரம்பு, இருதயம், சுவாசப்பை, விளையாட்டுக் காயம் என்ற நீண்ட வரிசையிலே குழந்தையும் ஒரு பிரிவு. இதுவே உலகெங்கும் முதற்பட்டப் படிப்பின் பொது அமைப்பு. பரந்த அடித்தளம் வேண்டியதே. ஆனால் அந்த அடித்தளத்தின்மேல் எழவேண்டிய மாடி எங்கே? இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலே குழந்தை இயன்மருத்துவம் முதுநிலைப் பட்டத்துக்குரிய தனிப்பிரிவாக நிலைபெற்றுவிட்டது. நமது நாட்டிலோ, குழந்தைகளிடத்தே ஈடுபாடு கொண்ட சிகிச்சையாளர் வேலை பார்த்தே கற்றுக்கொள்ளவேண்டும், இன்றேல் விமானமேறவேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் விமானமேறியவர் பலர் திரும்பவில்லை.

இதனினும் முக்கியமான கேள்வி, பயிற்சி எங்கே நடைபெறுகிறது என்பது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழந்தை நாளொன்றுக்கு 12 மணி நேரம் விழித்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 360 மணி. மாதம் இருமுறை, முறைக்கு அரைமணி என்று தாராளமாகவே கணக்கிட்டாலும் சிகிச்சையாளரின் கையிலே குழந்தை இருப்பது 1 மணி. எஞ்சிய 359 மணி யாருடையது? தாயினுடையது. பாட்டியினுடையது. பள்ளிவிட்டு வந்து தம்பியைத் தூக்கிவைத்துக்கொள்ளும் அக்காளினுடையது. குழந்தையை எப்படித் தூக்குவது, எப்படி உட்காரவைத்துச் சோறூட்டுவது, எந்தப் பக்கம் சாய்த்துப் படுக்கவைப்பது, எப்படி உடை மாற்றுவது என்பவையே உண்மையான சிகிச்சை. மேசையின்மேல் நடக்கும் அரைமணி, அந்தச் சிகிச்சைக்கான பாடவேளை மாத்திரமே.

இது எமது கற்பனையன்று. அத்துறையின் வரலாறே இதனைக் கற்பிக்கிறது. நாஜிகளின் ஜெர்மனியிலிருந்து தப்பி இலண்டனிலே குடியேறிய பெர்த்தா போபாத், கார்ள் போபாத் என்ற தம்பதியர், பெருமூளை வாதக் குழந்தைகளைக் கையாளும் முறையொன்றை வகுத்தனர். பல பத்தாண்டுகள் அது உலகை ஆண்டது. கைவிடப்பட்டுக் கிடந்த குழந்தைகளுக்கு நம்பிக்கை தந்த பெருமை அவர்களுக்கு உண்டு. ஆயின் பிற்கால ஆராய்ச்சி ஒரு படி முன்னே சென்றது: சிகிச்சையாளரின் கை குழந்தையை அசைப்பதால் மட்டும் குழந்தை கற்பதில்லை, தானே முயன்று, தனக்கு வேண்டிய ஒரு செயலை, தான் வாழும் இடத்திலேயே மீண்டும் மீண்டும் செய்யும்போதே கற்கிறது என்று அது காட்டியது. கோப்பையைப் பிடிக்கக் கற்கவேண்டுமாயின் வீட்டுக் கோப்பையைப் பிடிக்கவேண்டும். நிற்கக் கற்கவேண்டுமாயின் தன் வீட்டுச் சன்னற்கம்பியைப் பிடித்து நிற்கவேண்டும்.

அந்த வீட்டை மாணவன் கண்டிருக்கிறானா? பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையிலே ஆறு பேர் வாழும் வீட்டில், 'தரையிலே பாய் விரித்து நாளுக்கு மூன்றுமுறை உருளவிடுங்கள்' என்ற புத்திமதி எப்படி நிறைவேறும்? தந்தை புறக்கோட்டையிலே நாட்டாமை வேலை செய்து இரவு வந்து படுக்கும் இடமும் அதே தரை. மழைநாளிலே கால்வாய் பெருகி உள்ளே வருவதும் அதே தரை. பொதுக்குழாயிலே தண்ணீர் பிடித்து, பெரிய வீடுகளிலே துணி துவைத்து, மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கனுப்பும் தாயின் நாளிலே அந்த 'மூன்றுமுறை' எங்கே இருக்கிறது? செய்யாவிட்டால் 'தாய் ஒத்துழைக்கவில்லை' என்று கொப்பியிலே ஒரு குறிப்பு விழும். ஒத்துழைக்காதது தாயா, அவளுடைய வாழ்வை அறியாத கல்வியா?

வீட்டை அறிந்த சிகிச்சையாளரோ வேறு விதமாகச் சிந்திப்பார். துணி துவைக்கும்போது குழந்தையை எந்த நிலையில் அருகே உட்காரவைக்கலாம், இடுப்பிலே தூக்கும்போது கால்களை எப்படி அகட்டி வைக்கலாம், சுவரின் மூலையையும் ஒரு மரப்பெட்டியையும் கொண்டு எப்படி ஒரு நாற்காலி அமைக்கலாம் என்று பார்ப்பார். பயிற்சியைத் தாயின் வேலையோடு பின்னுவார்; வேலைக்கு மேலே இன்னொரு வேலையாக ஏற்றமாட்டார். இந்தக் கலை வார்ட்டிலே கற்கத்தக்கதன்று. தோட்டத்திலே, தொடர்மாடியின் படிக்கட்டிலே கற்கத்தக்கது.

தாயின் மொழி

ஒரு தாய் எம்மிடம் ஒரு தாளை நீட்டினாள். நகரத்து கிளினிக் ஒன்றிலே கொடுக்கப்பட்ட வீட்டுப் பயிற்சித் தாள். தலைப்பு ஆங்கிலத்தில், விளக்கம் சிங்களத்தில், நடுவிலே அம்புக்குறியிட்ட ஐந்து படங்கள். "எழுத்து விளங்கல்ல. படத்தப் பார்த்துத்தான் செய்றன்" என்றாள். நான்காம் படத்திலே அம்புக்குறி காட்டியது முழங்காலை மெதுவாக நீட்டிப் பிடித்து வைத்திருக்கும்படி. அவள் விளங்கிக்கொண்டது திரும்பத் திரும்ப இழுக்கும்படி. மூன்று மாதமாகக் குழந்தை அலற அலற இழுத்திருக்கிறாள். 'பிள்ளையை வதைக்கிறாள்' என்று மாமியார் தடுத்தபின் பயிற்சி முழுவதையுமே நிறுத்திவிட்டாள். அந்தத் தாளை எழுதியவர் தீயவரல்லர். அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருக்கவேண்டும் என்று அவரைப் பயிற்றியவர் எவரும் கேட்கவுமில்லை.

சட்டத்தைக் கேட்டால் எல்லாம் சரியாகவே இருக்கிறது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை, அவ்வாண்டு யூலை முதல் அரச சேவையிற் சேர்வோர் ஐந்தாண்டுக்குள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சிபெறவேண்டுமென விதித்தது. விதி கடதாசியிலே, தாய் கிளினிக்கின் வாங்கிலே. இரண்டுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளனாக நிற்பது பெரும்பாலும் பள்ளிக்குப் போகாமல் தாயோடு வந்த ஒன்பது வயது அக்காள். இந்த நிலை வடக்கிலும் கிழக்கிலும் வேலைசெய்ய நேரும் சிங்கள மாணவனுக்கும் இடர். தெற்கிலே வேலைசெய்யும் தமிழ் மாணவனுக்கும் இடர். இது இனப்பிரச்சினை மாத்திரமன்று, கடமையின் பிரச்சினை.

"விஞ்ஞானத்தின் மொழி ஆங்கிலம், அதனைத் தமிழிலே எப்படிக் கற்பிப்பது?" என்று கனவான்கள் கேட்கக்கூடும். விடை யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே கிடைத்துவிட்டது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றினார். அவருட் பலரைத் தமிழிலேயே பயிற்றினார். 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்கள் தமிழிலே அச்சேறின. கடல்கடந்து வந்த ஓர் அந்நியன் நோயாளியின் மொழியிலே வைத்தியம் கற்பிக்கவேண்டுமென்று கண்டுகொண்டான். 1930களிலே சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் மட்டக்களப்பு மண்ணின் மைந்தர் சுவாமி விபுலாநந்தர். சொல் இல்லையென்ற சாட்டு அன்றே செல்லாக்காசாகிவிட்டது.

ஆங்கிலத்தை அகற்றுக என்று நாம் கூறவில்லை. உலக ஆராய்ச்சியை அறிய அது வேண்டும். நாம் கூறுவது இதுதான்: ஆங்கிலத்திலே கற்றதைத் தாய்க்கு அவளுடைய மொழியிலே கற்பிக்க இயலாத மாணவன், கற்றவனாகமாட்டான். தாயே 359 மணி நேரச் சிகிச்சையாளராயின், தாயின் மொழியே அச்சிகிச்சையின் கருவி. கருவியில்லாமல் ஒருவனுக்குப் பட்டம் கொடுப்பது எந்தத் தராதரம்?

மூன்று சாக்குகள்

முதலாவது சாக்கு, பணமில்லை என்பது. களுத்துறையில் மருத்துவிச்சி வீடுவீடாகச் சென்ற 1926இல் நாடு செல்வந்த நாடா? கன்னங்கரா இலவசக் கல்வியை நிலைநாட்டிய 1945இல் உலகம் யுத்தத்தில் எரிந்துகொண்டிருந்தது. பணம் எங்கே செலவாகிறதென்பது அரசியற் கேள்வி. சுவீடனின் தென்பகுதியிலே 1994இல் ஒரு திட்டம் தொடங்கிற்று. பெருமூளை வாதக் குழந்தைகள் அனைவரையும் பதிவேட்டிலிட்டு, இயன்மருத்துவர்கள் குறித்த காலந்தோறும் மூட்டுகளை அளந்து, இடுப்பைக் கதிர்ப்படமெடுத்து, விலகத் தொடங்கும்போதே தடுத்தார்கள். இடுப்பு மூட்டு முற்றாக விலகுவது அங்கே ஏறத்தாழ இல்லாதொழிந்தது. சுவீடன் செல்வ நாடுதான். ஆயினும் இந்த வெற்றியின் வேரிலே இருந்தது விலைமதிப்பற்ற இயந்திரமன்று. ஒரு பதிவேடு, ஓர் அளவுகோல், தவறாத ஒழுங்கு. தடுப்பூசிக்கு ஒவ்வொரு குழந்தையையும் பதிவேட்டிலிட்டுத் தேடிச்செல்லும் நாட்டுக்கு இது இயலாத காரியமா?

இரண்டாவது சாக்கு, தருமஸ்தாபனங்கள் பார்த்துக்கொள்ளும் என்பது. ராகமையிலே, களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தோடிணைந்து இயலாமையுள்ள பிள்ளைகளுக்கான தேசிய நிலையமொன்று எழுந்திருக்கிறது. பல துறையினர் ஒரே கூரையின்கீழ் பிள்ளையைப் பார்ப்பது சரியான வழி. அந்த முயற்சியைப் பாராட்டுகிறோம். ஆயின் தேசிய நிலையம் என்ற பெயரைத் தாங்கிய ஒரு கட்டடம் எழுவதற்குக் கம்பனிகளின் கொடையையும் பொதுமக்களின் நன்கொடையையும் நம்பவேண்டியிருந்ததென்றால், அது யாருக்கு வெட்கம்? கொடையாளன் மனம் மாறினால் உரிமையும் மாறுமா? 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமையுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கவென்று இயற்றப்பட்டது. உரிமை என்ற சொல் சட்டப்புத்தகத்திலே. நடைமுறையிலோ சக்கர நாற்காலியைக் கொடுத்துப் பிள்ளையோடு நின்று படம்பிடித்துக்கொள்ளும் தேர்தற்கால வள்ளன்மை. வளரும் பிள்ளைக்கு அந்த நாற்காலி ஓராண்டிலே சிறிதாகிவிடும். அளந்து பார்ப்பதற்கு அப்போது வள்ளல் வரமாட்டார்.

மூன்றாவது சாக்கு நமது சமூகத்துக்குள்ளேயே இருக்கிறது. 'முன்வினை', 'கண்ணூறு', 'தாய் செய்த குற்றம்' என்று பேசுவோர் படித்த வீடுகளிலும் உளர். இவ்வாறு பேசுவதால் அரசின் பொறுப்பு விதியின் தலையிலே இறக்கிவைக்கப்படுகிறது. குற்றவாளிக் கூண்டிலே தாய் நிறுத்தப்படுகிறாள். தமிழ் வழங்கும் மண்ணிலேயே இதற்கு எதிர்ச்சாட்சி உண்டு. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய இளம் வைத்தியர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த வீதி விபத்தில் முள்ளந்தண்டு சேதமுற்று இடுப்பின்கீழ் உணர்விழந்தார். அவர் விதியை நொந்து மூலையில் ஒடுங்கவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். நியூயோர்க் சென்று இத்துறையைக் கற்றார். திரும்பிவந்து வேலூரிலே அதற்கான பிரிவை அமைத்தார். 1966இல் அங்கே அதற்கெனத் தனி நிலையமே எழுந்தது. இயலாமையோடு வாழ்பவர் அறத்துக்கு உரிய பொருளல்லர். கற்பிக்கவும் தலைமைதாங்கவும் வல்ல மனிதர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? நமது இயன்மருத்துவ மாணவரின் விரிவுரை மண்டபத்திலே அத்தகைய ஒருவர் ஆசானாக நிற்கும் நாள் எந்நாள்?

நாம் கேட்பன

குறைகூறி ஓய்வது எமது நோக்கமன்று. கேட்பன தெளிவானவை, செய்யத்தக்கவை.

குழந்தை இயன்மருத்துவம் அரச பல்கலைக்கழகமொன்றிலே கட்டணமின்றிக் கற்கத்தக்க பட்டப்பின் படிப்பாக வேண்டும். கட்டணத்துக்குப் பட்டம் விற்கும் தனியார் கடைகளிடம் இதனை ஒப்படைத்தால், கற்றவர் போட்ட முதலை மீட்கும் பொருட்டுப் பணக்காரப் பேட்டைகளிலேயே கடைவிரிப்பார், தெமட்டகொடைக்கு வரமாட்டார்.

முதற்பட்ட மாணவர் குழந்தைகள் பிரிவிலே பெறும் செய்முறைப் பயிற்சியின் செம்பாதி வைத்தியசாலைக்கு வெளியே நடைபெறவேண்டும்: தோட்டத்து வீட்டிலே, தொடர்மாடியிலே, முன்பள்ளியிலே, மாநகரசபையின் தாய்சேய் கிளினிக்கிலே. மலைநாட்டின் லயன் அறைக்கும் வன்னியின் குடிசைக்கும் இது பொருந்தும். ஒரு மாணவன் ஒரு குழந்தையை ஓராண்டு தொடர்ந்து பார்க்கவேண்டும். வார்ட்டிலே ஒருமுறை கண்ட உடல், வீட்டிலே பன்னிருமுறை கண்ட பிள்ளையாகட்டும்.

சிங்களத்திலும் தமிழிலும் ஒரு தாய்க்கு வீட்டுப் பயிற்சியை விளக்க வல்லமையில்லாத எவரும் இறுதிப் பரீட்சையில் சித்தியடையக்கூடாது. இந்த வாய்மொழித் தேர்விலே பரீட்சகர்களுள் ஒருவராக ஒரு தாய் அமரட்டும். அவள் கேட்டபின் செய்துகாட்டட்டும். சரியாகச் செய்தால் மாணவனுக்குச் சித்தி.

வீடுதேடிச் செல்லும் மருத்துவிச்சிக்கு, ஐயத்துக்குரிய குழந்தையை ஆறு மாதத்துக்குள் இனங்காணும் பயிற்சியும், அனுப்பிய குழந்தையை வாரக்கணக்கிலே ஏற்றுக்கொள்ளும் இடமும் வேண்டும். அடுத்த குடிசனக் கணக்கெடுப்பு ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையையும் எண்ணவேண்டும்.

எமக்கும் இதிலே வேலை உண்டு. தமிழ்த்துறை மாணவரும் மருத்துவ மாணவரும் ஒன்றுகூடி, தாய்க்கு விளங்கும் தமிழிலே, கொழும்புத் தமிழிலும் மலைநாட்டுத் தமிழிலும் முஸ்லிம் மக்களின் தமிழிலும் வாசித்துச் சரிபார்த்து, பயிற்சிக் கைந்நூல்களை ஆக்கலாம். பண்டிதத் தமிழ் வேண்டியதில்லை; 'மெதுவாக நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்திருங்கள்' என்ற ஒரு வரி வேண்டும். அந்த வரி ஒரு குழந்தையின் முழங்காலைக் காக்கும். ஆசிரியர் சங்கங்கள் தமது மாநாட்டுத் தீர்மானங்களிலே, சம்பளக் கோரிக்கைக்கு அடுத்த வரியிலேயே, ஒவ்வொரு கல்வி வலயத்துக்கும் ஓர் இயன்மருத்துவர் என்ற கோரிக்கையை எழுதலாம்.

வைத்திய அறிவு மக்களின் உழைப்பிலே விளைந்தது. மருத்துவ பீடத்தின் செங்கல்லுக்கும் மாணவனின் புலமைப்பரிசிலுக்கும் வரிகொடுத்தவர்களுள் புறக்கோட்டை நாட்டாமியும் உண்டு. அவன் வாங்கும் தீப்பெட்டியிலும் சீனியிலும் அந்த வரி இருக்கிறது. கடன்பட்டிருப்பது அவனல்லன், பல்கலைக்கழகம். நடக்க முடியாத பிள்ளையைப் படியேறி வா என்று அழைப்பது நீதியாகாது. நடக்கத் தெரிந்த பல்கலைக்கழகமே படியிறங்கி வரவேண்டும். தானாக வராதாயின், அதனைப் படியிறக்கும் கடமை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் உரியது.